கடல் கடந்த பாங்குத் தொழில்

1. தோற்றுவாய்

திருச்சிராப்பள்ளி ஜில்லாவைக் காவிரியும் கொள்ளிடமும் ஊடறுத்துப் பாய்ந்து வளஞ்செய்ய, தென்கோடியிலுள்ள மருங்காபுரிச் சீமை வானம் பார்த்த பூமியாய் இருத்தல் நம் மாணவர் பலரும் அறிந்ததே. ஸ்ரீரங்கத்துத் தோப்புக்களையும் வயல்களையும் கண்டு பழகியவர், மணப்பாறையைக் கடந்து மருங்காபுரி, துவரங்குறிச்சிப் பக்கம் செல்வாராயின், குளங்களை நம்பியும் மழையை நம்பியும் உயிர்வாழும் வேறொரு நாட்டைக் காண்பர். மழை பெய்தால் சோளமும் கடலையும் விளையும். பொய்த்தால் நிலமோ நகையோ ஈட்டுக்குப் போகும். ஆற்றுப் பாசனமுள்ள குடியானவனுக்கு நிலமே செல்வம். மானாவாரிக் குடியானவனுக்கோ, தக்க காலத்திற் கிடைக்கும் கடனே பாதி விளைச்சல் எனலாம்.

இச்சீமைக்குத் தென்கிழக்கே சிறிது தூரத்தில் செட்டிநாடு தொடங்குகின்றது. அதுவும் மழை குறைந்த நாடே. பேராறு எதுவும் அங்கே பாயவில்லை. எனினும், அந்நாட்டு நகரத்தார், தம் மண் தாராத செல்வத்தைக் கடலுக்கு அப்பாலிருந்து கொணர்ந்தனர். பெரும்பொறி எதனையும் அவர் உடன் கொண்டுசெல்லவில்லை. பணத்தை எண்ணவும், கணக்கை எழுதவும், மனிதனை மதிப்பிடவும் அறிந்த அறிவே அவர்தம் மூலதனம். இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர், சுமத்திரா, சைகோன் ஆகிய இடங்களிலெல்லாம் அவர்தம் விலாசங்கள் விளங்கின.

பாங்கு என்பது பணத்தைக் காக்கும் பெட்டி என்றே பலரும் எண்ணுகின்றனர். அது முயற்சி மிக்க ஒரு தொழில் என்பதும், அம்முயற்சி பிறநாட்டில் எவ்வாறு வென்றது, எவ்விடத்தில் தவறிற்று என்பதும் நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருளாம்.

2. பாங்கின் இயல்பு

ஒருவரிடம் மிஞ்சிய பணத்தைப் பெற்று, அது தேவைப்படும் மற்றொருவருக்கு வட்டிக்குக் கொடுத்து, இரு வட்டிகளுக்கும் இடையேயுள்ள வேற்றுமையால் வாழ்வது பாங்குத் தொழில். இவ்வேற்றுமை முழுதும் இலாபம் ஆகாது. ஆட்சம்பளம், கடை வாடகை, வாராக் கடன் ஆகியவற்றை அதிலிருந்தே கழித்தல் வேண்டும்.

இதில் முயற்சிக்கு இடம் எங்கே என்று வினவலாம். நெசவாளன் புதிய கரை ஒன்றைக் கண்டுபிடித்தால் அது கண்ணுக்குத் தெரியும். பாங்குக்காரன் கண்டுபிடிப்பது அத்தகையதன்று. இதுகாறும் கடன் பெறத் தகுதியில்லாதவன் என்று எல்லோராலும் ஒதுக்கப்பட்ட ஒருவனிடத்தில் தகுதியைக் காண்பதும், பணம் செல்லாத ஊருக்குப் பணம் செல்லும் வழியைக் காண்பதும், தூரத்தில் இருக்கும் ஆளை நம்புதற்கு ஏற்ற கட்டுப்பாட்டைக் காண்பதுமே அவன் புதுமைகள். இம்மூன்றும் சொந்த ஊரில் அமைந்தால் போதும் என்று இருப்பவன் உள்ளூர் லேவாதேவிக்காரன் ஆவான். இவற்றை அயல்மொழி பேசும் அயல்நாட்டில் அமைப்பவனே கடல் கடந்த பாங்குக்காரன் ஆவான்.

3. பர்மாவில் நகரத்தார்

1852-ஆம் ஆண்டு நிகழ்ந்த இரண்டாம் பர்மியப் போரின் பின் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கு அரிசி ஏற்றுமதி செய்வது எளிதாயிற்று. ஐராவதி முகத்துவாரத்தில் காடும் சதுப்புமாய்க் கிடந்த நிலத்தைத் திருத்தி வயலாக்குதற்குப் பர்மியக் குடியானவர் திரள் திரளாய் வந்தனர். காடு வெட்ட, மாடு வாங்க, அறுவடை வரை உண்ண அவருக்குப் பணம் வேண்டும். அப்பொழுது அங்கிருந்த ஐரோப்பியப் பாங்குகள் துறைமுகத்திலேயே தங்கிவிட்டன. ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் கடன் கொடுப்பதே அவற்றின் வழக்கம். சதுப்பில் நிற்கும் குடியானவனின் பெயரும் அவற்றுக்குத் தெரியாது. அவன் நிலத்தின் தரமும் தெரியாது.

இவ்விடைவெளியிலேதான் நகரத்தார் புகுந்தனர். சொந்த முதலோடு, உறவினரும் கோயில்களும் இட்ட வைப்புக்களையும், ஐரோப்பியப் பாங்குகளிடம் தம் பெயரால் பெற்ற கடனையும் சேர்த்து, அவற்றை உள்நாட்டுச் சிற்றூர்கள் வரையிற் கொண்டுசென்றனர். 1929-30-இல் விசாரணை நடத்திய பர்மா மாகாண பாங்கு விசாரணைக் குழுவினர், அந்நாட்டில் நகரத்தார் கடைகள் ஏறத்தாழ 1,650 என்றும், அவர்கள் ஈடுபடுத்திய முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டனர். அக்காலத்து 75 கோடி எத்துணைப் பெருந்தொகை என்பதை விரிக்க வேண்டுவதில்லை.

இவ்வெற்றிக்கு அடிப்படையாய் நின்ற வழக்கங்களை ஒவ்வொன்றாய் நோக்குவோம்.

முதலாவது, ஆட்களைப் பயிற்றும் முறை. சிறுவனாய்ச் சேர்பவன் பெட்டியடிப் பையன். கடையைப் பெருக்கி, பெட்டியடியில் அமர்ந்து, பெரியவர் பேசுவதைக் கேட்டும் எழுதுவதைப் பார்த்தும் அவன் தொழில் கற்பான். பின்னர் அடுத்தாள் ஆவான். தகுதி வாய்ப்பின் மேலாளாகிக் கடை முழுவதையும் நடத்துவான். மேலாள் பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணைக்கே அனுப்பப்படுவான். அவனுக்குரிய சம்பளமும் நிபந்தனைகளும் சம்பளச் சீட்டில் எழுதப்படும். சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும்போதே குடும்பத்துக்குக் கொடுக்கப்படும். தவணை முடிந்து திரும்பும்போது இலாபத்தில் ஒரு பங்கு கிடைப்பதும் உண்டு. அப்பங்கைச் சேர்த்துவைத்துப் பின் தாமே கடை வைத்த மேலாட்கள் பலர். கூலிக்கு வந்தவன் முதலாளி ஆகலாம் என்னும் நம்பிக்கை, எந்த மேற்பார்வையினும் வலிய காவலாய் நின்றது.

இரண்டாவது, அதிகாரத்தை நேரில் நிற்பவனிடம் விடுதல். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருக்கும் முதலாளிக்குப் பியாபோன் வயலின் நிலை தெரியாது. யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதை மேலாளே துணிவான். ஆயினும் அவன் கணக்கு மட்டும் முதலாளியின் பார்வைக்குத் தப்பாது. நாளேடும் பேரேடும் நாடோறும் எழுதப்படும். வரவுக்கு ஒரு பற்று, பற்றுக்கு ஒரு வரவு என இருபுறமும் ஒத்துவர ஐந்தொகை எடுக்கப்பட்டு ஊருக்கு அனுப்பப்படும். அதிகாரத்தைத் தாராளமாய்க் கொடு, கணக்கைக் கண்டிப்பாய் வாங்கு என்பதே அவர்தம் விதி எனலாம்.

மூன்றாவது, சிக்கனம். பல விலாசங்கள் ஒரே கிட்டங்கியில் நடக்கும். நீண்ட கூடத்தின் இருமருங்கும் ஆளுக்கொரு கைப்பெட்டியும் இரும்புப் பெட்டகமும் இருக்கும். பகலில் கடையான இடமே இரவில் படுக்கையிடம். மேசையும் நாற்காலியும் இன்றிப் பாயில் அமர்ந்தே இலட்சங்களை நடத்தினர். ஐரோப்பிய பாங்கொன்று ஒரு கிளைக்குச் செலவிடும் பணத்தில் இவர்கள் பல ஊர்களிற் கடை திறத்தல் கூடிற்று.

நான்காவது, தம்முட் கூட்டுறவு. ஒரு கடையில் பணம் மிஞ்சியிருக்கும்போது மற்றொரு கடைக்குத் தட்டுப்பாடு உண்டாகும். ஒருவர்க்கொருவர் கொடுத்து வாங்கும் கடனுக்குரிய வட்டியை மாதந்தோறும் கோயிலிற் கூடித் தீர்மானிப்பர். அதற்கு நடப்பு வட்டி என்று பெயர். தண்டாயுதபாணி கோயில் வழிபாட்டிடம் மட்டுமன்று. பணச்சந்தையும் பஞ்சாயத்து மன்றமும் அதுவே. வாக்குத் தவறியவனைக் கோர்ட்டுக்கு இழுப்பதன்முன் கோயிலில் நிறுத்தினர். அவ்விடத்தில் பெயர் கெட்டவனுக்கு வேறெவ்விடத்தும் கடன் கிடைக்காது.

இதன் கணக்கை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். நடப்பு வட்டி நூறு ரூபாய்க்கு மாதம் பத்தணா எனக் கொள்க. பன்னிரண்டு மாதத்துக்கு 120 அணா, அதாவது ஏழரை ரூபாய். இப்பணத்தைக் குடியானவனுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டிக்குக் கொடுத்தால் ஆண்டுக்குப் பதினெட்டு ரூபாய். இடையில் நிற்பது பத்தரை ரூபாய். நூறு பேரில் ஐவர் முதலே திருப்பாவிடின் இந்தப் பத்தரையிற் பாதி பறந்துபோம். ஆதலின் ஆளறிந்து கொடுப்பதே இத்தொழிலின் உயிர்நாடி என்பது தெளிவு.

ஐந்தாவது, உண்டியல். ரங்கூனில் உழைக்கும் தமிழன் தன் குடும்பத்துக்கு நூறு ரூபாய் அனுப்ப விரும்பினால், அங்குள்ள கடையில் பணத்தைக் கட்டி உண்டியல் பெறுவான். அச்சீட்டு ஊருக்குப் போனதும், அதே விலாசத்தின் உள்ளூர்க் கடையில் பணம் கிடைக்கும். காட்டியவுடன் செல்லுவது தரிசன உண்டியல். குறித்த நாள் கழித்துச் செல்லுவது தவணை உண்டியல். வெள்ளி நாணயம் கடலைக் கடக்கவில்லை. ஒரு காகிதமும் அதில் எழுதிய விலாசத்தின் நாணயமுமே கடந்தன. நாணயம் என்னும் ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிப்பது தமிழுக்கு அமைந்த அழகு.

ஆறாவது, அயல்மொழிப் பயிற்சி. பர்மாவிற் பர்மியமும் மலேயாவில் மலாயும் பேசக் கற்றுக்கொண்டனர். கடன் கேட்க வருபவனோடு மொழிபெயர்ப்பாளன் இன்றி நேரிற் பேசுதல் அவனை அறிதற்கு முதற்படி.

4. வெற்றியுள் மறைந்திருந்த கேடு

நிற்க, இத்தனை நலமும் வாய்ந்த ஓர் அமைப்பு ஏன் குலைந்தது என்பதை ஆராய்தலே மாணவர்க்குப் பெரும்பயன் தரும்.

1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை சரிந்தது. சில ஆண்டுகளில் அது முன்னிருந்த விலையில் பாதிக்குக் கீழே போயிற்று. இதன் விளைவை ஒரு கற்பனைக் குடியானவனைக் கொண்டு உணரலாம். அவன் 300 கூடை நெல் விளைவிக்கின்றான். நூறு கூடை 150 ரூபாய் விற்கும்போது அவனுக்கு 450 ரூபாய் கிடைக்கின்றது. வட்டியும் தவணையுமாய் 200 ரூபாய் கட்டினால் 250 ரூபாய் மிஞ்சும். விலை 75 ரூபாய் ஆனதும் அவன் பெறுவது 225 ரூபாயே. கடன் தவணையோ அதே 200. மீதி 25 ரூபாயில் அவன் குடும்பம் ஓராண்டு உண்பது எங்ஙனம்? அவன் சோம்பேறி ஆகவில்லை. நிலமும் குறைவாய் விளையவில்லை. கடன் பத்திரத்தில் எழுதிய எண் மட்டும் மாறாது நிற்க, அவன் உழைப்பின் மதிப்புப் பாதியாய்ப் போயிற்று.

ஈடு வைத்த நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வரலாயின. கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930-இல் நகரத்தார் வசம் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்கு. 1938 அளவில் அது நூற்றுக்கு இருபத்தைந்து பங்காயிற்று. பணத்தைச் சுழற்றுவதே தொழிலாய்க் கொண்டவர்க்கு நிலம் இலாபமன்று, சிறையே. வைப்புக் கொடுத்தவர்க்குப் பணமாய்த் திருப்ப வேண்டும். கையில் இருப்பதோ விற்க இயலாத வயல். அவர்கள் விரும்பிப் பெற்ற நிலமன்று அது. எனினும், தான் திருத்திய வயலில் குத்தகைக்காரனாய் நிற்க நேர்ந்த பர்மியக் குடியானவன் கண்ணுக்கு அவ்வேறுபாடு புலப்படுமா? அந்நியன் தன் நிலத்தைக் கொண்டான் என்றே அவன் உள்ளம் கொதித்தது. 1930-இலும் 1938-இலும் ரங்கூனில் இந்தியர்க்கு எதிரான கலகங்கள் மூண்டன. அவற்றிற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் கடனும் நிலமும் அக்காரணங்களுள் அடங்கும்.

1937 ஏப்ரல் முதல் தேதி பர்மா இந்தியாவினின்று பிரிக்கப்பட்டது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைக் கைப்பற்றினர். இலட்சக்கணக்கான இந்தியர் காட்டுவழியே நடந்து தாயகம் நோக்கி வந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1948-இல் பர்மா சுதந்தரம் பெற்ற பின் நில தேசியமயச் சட்டம் பிறந்தது. நூறாண்டு முயற்சியின் பலன் ஒரு தலைமுறைக்குள் கைவிட்டகன்றது.

இக்கேட்டின் காரணங்களைத் தொகுத்துக் கூறின் நான்காம். விரைவில் திருப்ப வேண்டிய வைப்பை வாங்கி, நெடுநாள் திரும்பாத நிலக்கடனாய்க் கொடுத்தது ஒன்று. நெல் என்னும் ஒரே விளைபொருளின் விலையை நம்பி அனைத்தையும் நிறுத்தியது இரண்டு. முதலாளியின் சொந்தச் சொத்து முழுவதும் கடைக்குப் பிணையாய் நிற்க, ஒரு கடை விழும்போது குடும்பமும் உடன் விழ நேர்ந்தது மூன்று. மூன்றாண்டுத் தவணையில் வந்துபோவோர், தாம் பிழைத்த நாட்டு மக்களோடு வட்டிக்கணக்கு ஒழிய வேறு உறவு மிகுதியாய் வளர்க்காதது நான்கு.

இலங்கையிலும் இதன் சாயலைக் காணலாம். ஐரோப்பியப் பாங்குகள் நகரத்தார்க்குக் கடன் கொடுக்க, அவர்கள் உள்நாட்டு வியாபாரிகளுக்குக் கொடுத்து வந்தனர். 1925-இல் ஒரு பெரிய விலாசம் முறிந்ததும் அப்பாங்குகள் கையை இழுத்துக்கொண்டன. உள்நாட்டார்க்குக் கடன் கிடைக்கும் வழியைப் பற்றி ஆராய 1934-இல் பாங்கு விசாரணைக் குழு அமைந்தது. அதன் பயனாய் 1939-இல் இலங்கை வங்கி தோன்றியது. பிறர் கொண்டுவந்த பணம் நின்றுபோங் காலத்தில், ஒரு நாடு தன் பாங்கைத் தானே அமைக்க முற்படுவது இயல்பே.

5. கூட்டுப் பங்கு முறையில் இரண்டு முயற்சிகள்

பழைய முறையின் குறைகளைக் கண்டு புதிய முறைக்கு மாறியோரும் தமிழ்நாட்டில் இருந்தனர். 1906-இல் சென்னையில் ஆர்பத்நாட்டுக் கம்பெனி முறிந்து, எளியோரும் செல்வரும் தம் சேமிப்பை இழந்தனர். அத்துன்பத்தின் நடுவே, இந்தியரால் நடத்தப்படும் பாங்கு ஒன்று வேண்டும் என்று வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்றனர். நகரத்தார் துணை நின்றனர். 1907 ஆகஸ்டு 15-ஆம் தேதி இந்தியன் பாங்கு தொடங்கிற்று. 1932-இல் அது கொழும்பில் கிளை திறந்தது.

இதனினும் துணிவான முயற்சி இந்தியன் ஓவர்சீஸ் பாங்கு. எம். சி. டி. எம். சிதம்பரம் செட்டியார் 1908-இல் பிறந்தவர். முப்பது வயது நிரம்புமுன்னரே இப்பாங்கைத் தோற்றுவித்தார். 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் அது திறக்கப்பட்டது. பின்னர்ப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிளைகள் ஏற்பட்டன. பொதுவாக ஒரு பாங்கு உள்நாட்டில் வேரூன்றி, பல்லாண்டு கழிந்த பின்னரே அயல்நாட்டை நோக்கும். இப்பாங்கோ பிறந்த நாளிலேயே கடலின் இருகரையிலும் கால் வைத்து நின்றது. அந்நியச் செலாவணி வர்த்தகம் ஐரோப்பியப் பாங்குகளின் கையில் இருந்த அக்காலத்தில், அத்தொழிலையே தன் நோக்கமாய் அறிவித்தது.

இம்முயற்சியின் நுட்பத்தை உணர்தல் வேண்டும். ரங்கூனிலும் பினாங்கிலும் தமிழ் வர்த்தகர் முன்னமே இருந்தனர். அவர்க்கு வேண்டுவது எது என்பதும் தெரிந்ததே. அறிந்த வாடிக்கைக்காரரைப் பின்பற்றிச் சென்றமையால் அயல்நாடு முற்றிலும் அயலாய்த் தோன்றவில்லை. பங்குதாரர் பொறுப்புப் பங்கின் அளவோடு நின்றமையால், ஒரு குடும்பத்தின் சொத்து அனைத்தும் பணயமாகவில்லை. பழைய உண்டியல் அறிவும் புதிய கம்பெனிச் சட்டமும் இங்ஙனம் ஒன்றுகூடின.

தொடங்கி ஐந்தாண்டு நிரம்புமுன் போர் வந்தது. ரங்கூனும் மலேயாவும் பகைவர் வசமாயின. அப்படியிருந்தும், 1947-இல் இந்தியா சுதந்தரம் பெற்றபோது அப்பாங்குக்கு உள்நாட்டில் 38 கிளைகளும் வெளிநாடுகளில் 7 கிளைகளும் இருந்தன, வைப்பு 6.64 கோடி ரூபாய், கொடுத்த கடன் 3.23 கோடி ரூபாய். பழைய கடைகளை வீழ்த்திய அதே புயலில் இது பிழைத்தமைக்கு, அதன் வேர் பல ஊர்களிற் பரவியிருந்ததும், பணம் முழுவதும் ஒரு நாட்டின் வயலில் முடங்கிக் கிடவாததும் துணையாயின. 1954-இல் சிங்கப்பூரில் நிகழ்ந்த விமான விபத்தில் அதன் நிறுவனர் உயிரிழந்தார்; பாங்கு நிலைத்தது. மேலாளோடு கடையும் மறையும் நிலை மாறி, நிறுவனம் மனிதனைக் கடந்து வாழத் தொடங்கிற்று.

ஆயினும் அயல்நாட்டு வெற்றி, அந்நாட்டு அரசின் சம்மதத்துக்கு உட்பட்டதே. 1963-இல் பர்மிய அரசு பாங்குகளைத் தேசியமயமாக்கியபோது ரங்கூன் கிளை போயிற்று. 1969 ஜூலை 19-ஆம் தேதி இந்திய அரசு 14 பாங்குகளைத் தேசியமயமாக்கிற்று; இந்தியன் பாங்கும் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கும் அவற்றுட் சேர்ந்தன. அதனால் எதிர்பாராத ஓர் இடர் விளைந்தது. அயல் அரசுக்குச் சொந்தமான பாங்குகள் தம் நாட்டிற் கிளை நடத்தலாகாது என்பது அக்காலத்து மலேசியச் சட்டம். 1973-இல் அங்கிருந்த கிளைகளை விட்டொழிய வேண்டியதாயிற்று. வாளா இராது, இவ்விரு பாங்குகளும் யுனைடெட் கமர்ஷியல் பாங்கும் சேர்ந்து, உள்நாட்டாருடன் கூடி யுனைடெட் ஏஷியன் பாங்கு என்னும் புதிய நிறுவனத்தில் பங்காளராயின. பாங்காக் கிளையை ஏற்று நடத்துதற்குப் பாரத் ஓவர்சீஸ் பாங்கு என்னும் தனி நிறுவனம் அதே ஆண்டில் அமைந்தது. 2007-இல் அது தாய்ப் பாங்கோடு மீண்டும் இணைந்தது. கதவு அடைபட்டால் பலகணியைத் தேடும் இவ்வியல்பையே நாம் முயற்சி என்கின்றோம்.

நம் ஜில்லாவுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. அக்காலத்துத் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்த குளித்தலையில் 1933-இல் தோன்றிய குளித்தலை பாங்கு, 1960-களில் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கோடு சேர்க்கப்பட்டது. காவிரிக் கரை வாழைத் தோட்டக்காரரின் வைப்பும் இங்ஙனம் கடல் கடந்த நிறுவனமொன்றின் கணக்கிற் கலந்தது.

முயன்றோர் அனைவரும் வென்றனர் என்று கருதுதல் கூடாது. தூத்துக்குடியில் 1921-இல் தோன்றிய நாடார் பாங்கு, இப்போது தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கு என வழங்குவது, 1937-இல் கொழும்பில் கிளை திறந்து 1939-இல் மூடியது. அதனால் அப்பாங்கு அழியவில்லை, உள்நாட்டில் வளர்ந்தோங்கியது. பயன்படாத இடத்திலிருந்து காலத்தில் மீளுதலும் ஓர் ஆற்றலே.

6. பிறநாட்டார் வழக்கு

பிற நாட்டார் செய்ததோடு ஒப்பிடின் இம்முயற்சிகளின் தன்மை இன்னும் விளங்கும். ஹாங்காங் ஷாங்காய் பாங்கு 1865-இல் லண்டனில் தோன்றவில்லை. வர்த்தகம் நடந்த ஹாங்காங்கிலேயே தோன்றியது. தொலைவிலுள்ள தலைமையிடத்தின் உத்தரவுக்குக் காத்திராமல் வர்த்தகம் நடக்கும் இடத்திலேயே தீர்மானிக்கும் அதிகாரம் அதன் வலிமை. நகரத்தார் மேலாளுக்குக் கொடுத்த அதிகாரமும் இத்தகையதே. ஜப்பானியர் 1880-இல் யோகஹாமா ஸ்பீஷி பாங்கைத் தம் அயல்நாட்டு வர்த்தகத்துக்கென்றே அமைத்தனர்; அதற்கு அவர்தம் அரசின் ஆதரவு முழுவதும் இருந்தது. அமெரிக்காவின் நேஷனல் பாங்குகளோ, 1913-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்த பின்னரே வெளிநாட்டிற் கிளை திறக்கலாயின. நியூயார்க்கு நேஷனல் சிட்டி பாங்கு 1914-இல் போனஸ் அயரிஸ் நகரில் கிளை அமைத்தது. அரசின் கையும் சட்டத்தின் துணையும் இன்றி, குடும்பங்களின் நம்பிக்கை ஒன்றாலேயே கடல் கடந்த தமிழர் முயற்சி இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது.

7. நாம் கொள்ளும் பாடம்

மருங்காபுரியில் மானாவாரி நிலத்தை ஈடு வைப்பவனும், ஐராவதிக் கரையில் நெல்வயலை ஈடு வைத்தவனும் ஒரே நிலையினரே. விலை வீழ்ச்சி நம் மாகாணத்தையும் விட்டுவைக்கவில்லை. குடியானவர் கடன் சுமை தாங்காது தவித்தமையால் 1938-இல் சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முன்னரே, பிரடெரிக் நிக்கல்சன் ஐரோப்பியக் கூட்டுறவுப் பாங்குகளை ஆராய்ந்து அறிக்கை எழுதியிருந்தார். 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்துக்கு அது வழிகாட்டிற்று. ஜெர்மனியின் சிற்றூர்களில் ரைபைசன் தொடங்கிய முறை நம் கிராமங்களை அடைந்தது அவ்வழியே. தமிழன் கொண்டுசென்ற பாங்குமுறை பர்மியச் சிற்றூரை அடைய, ஜெர்மானியன் கண்ட பாங்குமுறை தமிழ்ச் சிற்றூரை அடைந்தது. அறிவுக்கு எல்லைக் கல் இல்லை.

ஒரு பாங்கு அயல்நாட்டில் வென்றதா என்பதை எதனால் அளப்பது? கிளைகளின் தொகையாலும் இலாபத்தாலும் அளப்பது எளிது. 1929-இல் அவ்வாறு அளந்தவர், பர்மாவில் நகரத்தார் முயற்சி நிலைபேறடைந்தது என்றே எழுதியிருப்பர். பத்தாண்டுக்குள் அக்கணக்குப் பொய்யாயிற்று. கடன் வாங்கியவன் அக்கடனால் உயர்ந்தானா என்னும் கேள்வியை ஐந்தொகையில் ஒரு வரியாய்ச் சேர்த்திருந்தால் ஆபத்து முன்னரே புலப்பட்டிருக்கும். குடியானவனின் வீழ்ச்சி பாங்கின் வாசலுக்கு வந்துசேரச் சில ஆண்டுகளே பிடிக்கின்றன. ஆதலின் கடனாளியின் நலத்தைப் பேணுதல் தருமம் மட்டுமன்று. தன்னைக் காக்கும் விவேகமும் ஆம். அதே வேளையில், காட்டை வயலாக்கிய பணத்தைக் கொண்டுசென்றவர் எவரும் இல்லாத காலத்தில் துணிந்து சென்றவர் அவர்களே என்பதையும் மறத்தல் நன்றியன்று.

உண்டியலும் இன்று புதிய உருவம் கொண்டுவிட்டது. 2023 பிப்ரவரியில் இந்தியாவின் யூ.பி.ஐ. முறையும் சிங்கப்பூரின் பேநவ் முறையும் இணைக்கப்பட்டன. தொடக்கத்தில் பணத்தை அனுப்பவும் பெறவும் இடந்தந்த நான்கு இந்திய பாங்குகளுள் இந்தியன் பாங்கும் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கும் இரண்டு. சிங்கப்பூரில் உழைக்கும் ஒருவர் கைத்தொலைபேசியைத் தொட்ட சில விநாடியில் துவரங்குறிச்சியிலுள்ள தாயார் கணக்கிற் பணம் சேரக் கூடும். கப்பலில் வந்த காகிதம் இப்போது மின்னலாய் வருகின்றது. அதனைத் தாங்கி நிற்கும் நம்பிக்கையோ பழையதே.

நம் கல்லூரியினின்று ஆண்டுதோறும் பலர் பாங்கு உத்தியோகத்துக்கும் பிறநாட்டு வேலைக்கும் செல்கின்றனர். அவர்க்கு நாம் கூறுவது சுருக்கமானது. பெட்டியடிப் பையனைப்போல் அடியிலிருந்து கற்கத் தயங்காதீர். செல்லும் நாட்டின் மொழியைக் கற்றுக்கொள்வீர். அதிகாரம் பெற்றபோது கணக்கை முன்னினும் கண்டிப்பாய் வைப்பீர். ஒரே விளைபொருளை, ஒரே ஊரை, ஒரே மனிதனை நம்பி அனைத்தையும் வையாதீர். மேசைக்கு எதிரே நின்று கடன் கேட்பவன் எண் அன்று, குடும்பமுடைய ஒருவன் என்பதை நினைவில் வைப்பீர். இவை கைக்கூடின், மழை பொய்க்கும் சீமையிற் பிறந்தவரும் எந்நாட்டிலும் வாழ்ந்து, அந்நாட்டாரையும் வாழ்விக்க வல்லவராவர்.